அசுந்தாவின் மடக்கு வண்டி

பொத்தானை அழுத்திக் கைப்பிடியை முன்னால் தள்ளினேன். குழந்தை வண்டி பாதி மடிந்தது. அதற்கு மேல் மடியவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது.

அசுந்தா போர்வையைச் சுருட்டி வைத்திருப்பாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனேன். அந்தப் போர்வை உதைத்தது.

கையை விட்டேன். விட்டதும் வண்டி படிக்கட்டை நோக்கி மெல்ல உருண்டது. பிரேக் போடவில்லை. காலைக் குறுக்கே வைத்து நிறுத்தினேன். கணுக்காலில் சக்கரம் இடித்த வலி எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கம்பளித் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். நீல சாக்ஸ் போட்ட ஒரு கால். அதற்கு மேலே வார். அதற்கும் மேலே, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் சீரோ.

எங்கள் பகுதியின் வால்பி ஸ்டேஷன் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தேன். கீழே ரயில் வந்து கதவைத் திறந்தது. பாதி மடிந்த வண்டியில், முதுகுச் சாய்வு உயர்ந்து முழங்கால் மார்போடு ஒட்டியிருக்க, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் இழுத்தேன். 'டக்' என்று பூட்டு விழுந்தது. அவன் உதட்டைச் சப்பினான். கண் திறக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி அசுந்தாவின் மகன் அவன். ஒன்பது மாதம். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் அவனைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். கல் பாவிய சந்து வழியாக. வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டு.

வண்டி காலி என்றுதான் நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பதை முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கே நம்ப முடியவில்லை. இப்போது ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். நாளைக் காலை நாங்கள் கிளம்புகிறோம். ஹாம்பர்க், வியன்னா, பொலோன்யா, கடைசியில் நேப்பிள்ஸ். முழுக்க ரயிலில். அம்மா, டோர்பென், நான், நாலு வயது ரோன்யா, ஒன்றரை வயது எஸ்கில். டோர்பென் அம்மாவின் கணவர். சின்னவர்கள் இருவருக்கும் அவர் அப்பா. எனக்கு டோர்பென்.

இந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை வண்டியைப் பற்றித்தான். எங்களிடம் இருப்பது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற பெரிய வண்டி. சைக்கிள் சக்கரம் மாதிரி நாலு சக்கரம், மேலே தொட்டில். எஸ்கில் பிறந்ததிலிருந்து மத்தியானத் தூக்கம் அதில்தான், வெளியே, முற்றத்தில். மழையானாலும் பனியானாலும்.

"இது வண்டி இல்ல மெரெட்டெ, கப்பல்," என்றார் டோர்பென். "வியன்னாவுல டிராம்ல இத ஏத்தணும்னா முதல்ல டிராம்ல இருக்கறவங்கள எறக்கணும்."

"அவன் மல்லாந்து படுத்தாத்தான் தூங்குவான்," என்றாள் அம்மா.

"தூங்கலைன்னா?"

"நீ அவனத் தூக்கிக்கிட்டு வியன்னா முழுக்க நட. நான் உக்காந்து கேக் சாப்பிடறேன்."

"சரி, மடக்கு வண்டி ஒண்ணு வாங்குவோம். எது?"

அந்த 'எது'வில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு அது உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. கடையில் எல்லா வண்டியும் பளபளப்பான தரையில் வழுக்கிக்கொண்டு போகும். கடைத் தரையில் ஓடாத வண்டி உண்டா? அதனால் எங்கள் முற்றத்தில் இருக்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள். நடுவில் லிண்டன் மரம், ஓரத்தில் சைக்கிள் கொட்டகை. இங்கே எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. எடுத்துக்கொள், அப்புறம் சொல். ஏணி, துளை போடும் மெஷின், பெட்டி வைத்த சைக்கிள், எதுவானாலும் சரி. கேட்டுக்கொண்டு நின்றால், "இதுக்குப் போய் மாடி ஏறி வந்தியா?" என்பார்கள்.

எஸ்கில் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. வண்டியில் உட்காரவைத்தால் இறங்கித் தானே தள்ளப் பார்த்தான். அதனால் ஓட்ஸ் மூட்டை ஒன்றை வாரில் கட்டினேன். ரோன்யா அதற்குத் தொப்பி போட்டு 'எஸ்கில் ரெண்டு' என்று பெயர் வைத்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் கல் பாவிய சந்து இருக்கிறது. அதில் ஒரு தடவை, பஸ் ஏறும் இடத்து விளிம்பில் ஒரு தடவை, கடைசியில் ஸ்டேஷன் படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் போகிற ஊரில் எல்லாம் லிஃப்ட் வேலை செய்யும் என்று யார் சொன்னார்கள்?

எவ்வளவோ கண்டுபிடித்தேன். மூன்று சக்கர வண்டி கல்லின் மேல் பறக்கும். ஆனால் அதன் முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இறங்கி நின்றுவிடும். குடை மாதிரி மடங்குகிற வண்டி காகிதம் போல லேசு. கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டு, குழந்தையைத் தூக்கினால், வண்டி மல்லாந்து விழும். இரட்டைக் குழந்தைகளின் வண்டி எங்கள் வாசல் கதவில் நுழையவே இல்லை. அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டால், "நாங்க வெளியவே போறதில்லையே," என்றார்கள். பின்னால் ரோன்யா நின்றுகொண்டு வருவதற்கு ஒரு பலகை மாட்டலாம். மாட்டினால் தள்ளுகிறவரின் முழங்கால் ஒவ்வொரு எட்டிலும் அதில் இடிக்கும். சக்கரம் எல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு கையால் மடக்க முடியுமா என்பதுதான் விஷயம். இன்னொரு கை ஒருநாளும் காலியாக இருக்காது.

வண்டியின் இடுக்குகளையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றில் காய்ந்த பட்டாணி, ஒன்றில் கடல் மணல், ஒன்றில் எதிர்வீட்டுக்காரர் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தபால்பெட்டிச் சாவி.

எனக்குச் சோதிக்கக் கிடைக்காத ஒரே வண்டி அசுந்தாவுடையது.

அசுந்தா ஜனவரியில் நேப்பிள்ஸிலிருந்து வந்தாள். அவள் கணவனுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. வந்த வாரம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. லிண்டன் மரத்தடியில் வரிசையாகப் பெரிய வண்டிகள் நின்றன. அவள் சீரோவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு எங்கள் மொழி பாதி, இங்கிலீஷ் பாதி.

"உள்ள பிள்ளைங்க இருக்கா?"

"ஆமா. அது எங்க எஸ்கில்."

"அம்மாங்கல்லாம் எங்க?"

"மேல. காபி குடிக்கறாங்க."

"பனி பெய்யுது."

"ஆமா. நல்லாத் தூங்குவாங்க."

அசுந்தா சீரோவின் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். படியேறிப் போனாள்.

அன்றிலிருந்து அம்மா அவளை விடவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம் அதே பேச்சு. வெளிக்காற்றில் தூங்கினால் சளி பிடிக்காது, நன்றாகச் சாப்பிடும், உனக்கும் ரெண்டு மணிநேரம் மூச்சு விடலாம் என்று.

"இங்க யாரும் பிள்ளைய எடுத்துட்டுப் போக மாட்டாங்க, அசுந்தா."

"எங்க ஊர்லயும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. எடுத்துக் கொஞ்சுவாங்க. ஆளாளுக்கு வாயில எதையாவது திணிப்பாங்க. நான் வந்து பாக்கறப்ப அவன் கையில பொரிச்ச மீன் இருக்கும்."

"இங்க அதுவும் நடக்காது. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு," என்றாள் அசுந்தா.

அவள் வண்டி கறுப்பு நிறம், முனைகளில் துணி வெளுத்தது. மடக்கினால் ஒரு பள்ளிக்கூடப் பை அளவு. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சீரோவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று மாடியும் ஏறிவிடுவாள். கீழே ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. நான் என் சோதனைகளைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கல்லு, விளிம்பு, எல்லாம் சரி. ஆனா நீ தள்றதையே பாக்கற. எங்க ஊர்ல வண்டியத் தள்ளுறது கொஞ்சம்தான். மீதி நேரம் நீதான் வண்டியச் சுமப்ப."

"உங்க வண்டிய ஒரு தடவை தருவீங்களா?"

"சீரோ எறங்கினதும் தர்றேன்."

"எப்ப எறங்குவான்?"

"அவனுக்குக் கல்யாணம் ஆனதும்."

இன்று பள்ளிக்கூடத்தில் கடைசி நாள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். லேசாகத் தூறல். முற்றத்தில் யாரும் இல்லை. மரத்தடியில் பெரிய வண்டிகள் இரண்டு, மேலே மழைத்துணி போட்டு நின்றன. அவற்றில் குழந்தைகள் தூங்குகின்றன என்று யாரும் சொல்லாமலே தெரியும். பக்கத்தில் போகும்போது நடையை மெதுவாக்கிக்கொள்வோம்.

சைக்கிள் கொட்டகையின் கீழே, சைக்கிள்களுக்கு நடுவில், அசுந்தாவின் மடக்கு வண்டி நின்றது. மேல்மூடி முழுக்க இறக்கியிருந்தது. கம்பளித் துணி ஒன்று முன்பக்கத்தை மூடி, ஓரங்களில் செருகியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆறு மாதத்துக்கு அப்புறம் அசுந்தாவும் எங்களைப் போல வண்டியைக் கீழே விட ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். சீரோவைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு கடைக்குப் போயிருப்பாள். குழந்தை தூங்குகிற வண்டி மரத்தடியில் நிற்கும். காலி வண்டி கொட்டகையில் நிற்கும். அதுவும் மடக்கு வண்டியில் யாராவது குழந்தையைத் தூங்கவைப்பார்களா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அது காலி என்றுதான் சொல்வார்கள். துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

அவள் தூறலுக்குப் பயந்து கூரைக்கடியில் நிறுத்தியிருக்கிறாள். எங்கள் முற்றத்தில் எந்த இடத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எடுத்துக்கொள், அப்புறம் சொல். எடுத்தேன்.

கிளம்பியதும் முதலில் தோன்றியது, 'சொன்ன அளவுக்கு லேசா இல்லையே' என்பதுதான். எங்கள் கப்பலைத் தள்ளிப் பழகிய கை. அதோடு ஒப்பிட்டால் எதுவும் லேசு. இருந்தாலும் இந்த வண்டிக்கு ஒரு மார்க்கைக் குறைத்தேன். ஒரு விரலால் திருப்பினேன், திரும்பியது. சந்துக்குள் விட்டேன். கல்லின் மேல் கடகடவென்று போனது, ஆனால் இழுக்கவில்லை, ஒரு பக்கமாகச் சாயவில்லை. வேகமாகத் தள்ளினேன். இன்னும் வேகமாக. விளிம்பில் பின்சக்கரத்தை வைத்து ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். மடக்கிப் பார்க்கிற ஆசையை ஸ்டேஷன் வரைக்கும் அடக்கி வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

படிக்கட்டின் உச்சியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றாள். மஞ்சள் மழைக்கோட்டு. தெரியாத முகம்.

"கீழ எறக்கணுமா? முன்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."

"இல்ல. திரும்பிப் போகணும்."

"எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா."

அவள் குனிந்து பார்த்தாள். "நல்லாத் தூங்கறான். தம்பியா?"

"ஆமா," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். போலீஸைக் கூப்பிடவில்லை, சந்தேகப்படவில்லை. வாய் எவ்வளவு சுலபமாக 'ஆமா' என்று சொல்லிவிட்டது, அவள் எவ்வளவு சுலபமாக அதை வாங்கிக்கொண்டாள்.

திரும்பிப் போகும்போது சந்தைத் தவிர்த்தேன். எழுப்பிவிடக் கூடாது என்று சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் போனேன். வழவழப்பான ரோட்டில் கொஞ்சதூரம் போனதும் சீரோ கண் திறந்தான். என்னைப் பார்த்தான். அழவில்லை. இது யார், அம்மா எங்கே என்று முகத்தைச் சுருக்கினான். கீழுதடு வெளியே வந்தது. வேறு வழி தெரியாமல் பக்கத்தில் இருந்த கல் நடைபாதையில் ஏற்றினேன். கடகடவென்று வண்டி ஆடியதும் உதடு உள்ளே போனது. கண் சொருகியது. அந்தப் பயத்திலும் அதைக் கவனித்தேன். குலுக்கினால் தூங்குகிறான், குலுக்காவிட்டால் விழிக்கிறான். அவன் ஊர்த் தெருவெல்லாம் கல்லாக இருக்கும். கல்லிலேயே தூங்கிப் பழகியிருப்பான்.

அப்படிக் கவனித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. அங்கே ஒருத்தி பிள்ளையைக் காணோம் என்று கத்திக்கொண்டிருப்பாள். இங்கே நான் சக்கரத்தின் குணத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்.

முற்றத்து வாயிலைத் திறந்தபோது சத்தம் எதுவும் இல்லை. யாரும் ஓடவில்லை. கொட்டகையில் அதே சைக்கிள்களுக்கு நடுவில் வண்டியை விட்டேன். பிரேக் போட்டேன். கம்பளியின் ஓரங்களைச் செருகினேன். அவள் எப்படிச் செருகியிருந்தாள் என்று ஞாபகமில்லை. ஈரச் சக்கரம் கொட்டகையின் காய்ந்த தரையில் நாலு கோடு போட்டிருந்தது. செருப்பால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சீரோ அழுதான்.

முதல் மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல். அதில் தெரிந்தது அசுந்தாவின் தலை.

ஒரு நொடியில் படியில் அவள் காலடி. அவளுக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு அம்மா, ஆடி அசைந்து.

"பாத்தியா? அழுதா இங்கேருந்தே கேக்குது," என்றாள் அம்மா.

அசுந்தா வாரை அவிழ்த்துச் சீரோவைத் தூக்கி அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"நீ இங்கயா இருந்த? பக்கத்துலயே நின்னியா?"

வாய் மறுபடியும் அதையே சொன்னது. "ஆமா."

அவள் ஒரு கையால் என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"அவளுக்கு இன்னிக்குப் பயிற்சி," என்றாள் அம்மா என்னிடம், ஏதோ நீச்சல் சொல்லிக்கொடுத்ததுபோல. "ஜன்னலுக்கு முதுகக் காட்டி உக்கார வச்சேன். ரெண்டு பன்னும் காபியும் முடியற வரைக்கும் திரும்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன். திரும்பல. கெட்டிக்காரி."

"திரும்பல. ஆனா அந்த மெஷின் கத்துச்சு," என்றாள் அசுந்தா. "எனக்கு உயிரே போச்சு. நான் எழுந்துட்டேன், சோல்வை. உங்கம்மா கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா."

"பழைய மெஷின், நம்ம வீட்டுச் சுவர் வேற தடி," என்றாள் அம்மா. "சும்மா சும்மா கத்தும். சத்தத்தக் கொறச்சு வச்சேன். என்ன ஆச்சு? பிள்ள எங்கயாவது ஓடிட்டானா?"

இருவரும் சிரித்தார்கள்.

குழந்தை அழுகிறதா என்று கேட்பதற்காக நாங்கள் வைத்திருக்கும் கருவி அது. ஒரு பாதி குழந்தையின் தலைமாட்டில் இருக்கும், ஒரு பாதி நம் மேசையில். எஸ்கில் கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் பிரித்துப் பார்த்துச் சேர்த்தவள் நான்தான். அது சுவருக்காகக் கத்தாது. ஒரு பாதி மற்றப் பாதியை விட்டுத் தொலைதூரம் போனால் மட்டும்தான் கத்தும்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அசுந்தாவின் முகத்தில் ஆறு மாதமாக இல்லாத ஒரு இளக்கம். தானாகவே சொன்னாள். "மெரெட்டெ, நீங்க வர்ற வரைக்கும் உங்க கப்பல எனக்குக் குடுங்க. சீரோவ தெனமும் மரத்தடியில போடறேன், உங்க ஊர்ப் பிள்ள மாதிரி. நீங்க என்னோடத எடுத்துட்டுப் போங்க. அது ஊரப் பாத்து நாளாச்சு."

"இதுல எஸ்கில் மல்லாந்து படுக்க முடியுமா?" என்றாள் அம்மா.

"சீரோ இப்ப என்ன, நின்னுக்கிட்டா தூங்கினான்?"

டோர்பென் வேலையிலிருந்து வந்ததும் வண்டியை ஒரு கையால் மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். குளியலறைக்குள்ளும் போய்விட்டு வந்தார். "சோல்வையோட ஆராய்ச்சிக்கெல்லாம் கடைசியில பக்கத்து வீட்டுலயே பதில் இருந்திருக்கு," என்றார். "நீ இதச் சோதிச்சுப் பாத்தியா?"

"கொஞ்சம்."

"எப்படி?"

"நல்லா மடங்குது," என்றேன்.

அம்மா எங்கள் பெரிய வண்டியைத் துடைத்து மரத்தடியில் நிறுத்தினாள். தொட்டிலுக்குள் அந்தக் கருவியின் ஒரு பாதியை வைத்தாள். மறுபாதியை அசுந்தாவிடம் கொடுத்தாள். "கத்தினா கண்டுக்காத," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பாள். அசுந்தாவை எழ விடாமல் பிடித்து உட்காரவைத்த கை. அந்த நேரத்தில் மெஷினைக் கத்தவைத்தது நான்தானே, நான்தான் சீரோவைக் கொண்டுபோனேன். அசுந்தாவிடம் சொன்னால் அவள் இனி இந்த முற்றத்தில் யாரையும் நம்ப மாட்டாள். சொல்லாமல் போனால், நாங்கள் நேப்பிள்ஸில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரியும்போது, இங்கே அந்தக் கருவி என்றாவது நிஜமாகவே கத்தும். அவள் காபியை முடித்துவிட்டு எழுந்திருப்பாள். எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று இத்தனை நாள் நானும் நம்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் ஒரு குழந்தையைக் கொண்டுபோக எவ்வளவு சுலபம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதியாவது சொல்லிவிடுவோம் என்று, சாப்பிட்டதும், பெரிய வண்டியின் மழைத்துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன்.

அசுந்தா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். தக்காளி வாசனை. சீரோ உயர நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினான். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"பாரு, உன்னத் தெரியுது அவனுக்கு," என்றாள் அசுந்தா. "உக்காரு. பாஸ்தா சாப்பிடறியா? நாளைக்கு எங்க ஊருக்குப் போற, இன்னிக்கே வயித்தப் பழக்கு."

"சாப்பிட்டுட்டேன். இது மழைத்துணி." கதவருகே நின்றேன். "அப்புறம், அந்த மெஷின்."

"என்ன அதுக்கு?"

"கத்தினா எழுந்து போய்ப் பாருங்க. ஒவ்வொரு தடவையும். யாரு என்ன சொன்னாலும்."

"உங்கம்மா சுவர்னு சொன்னாளே."

"சுவர் இல்ல."

"பின்ன?"

"தூரம். ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு தூரம் போனாத்தான் கத்தும். வேற எதுக்கும் கத்தாது."

அசுந்தா அடுப்பைத் தணித்தாள். முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. புதிதாக வாங்கிய சாமான் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்கிற முகம்தான். நானும் வண்டிகளைப் பற்றி எல்லாரிடமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

"அப்படியா," என்றாள். கிளறுகிற கரண்டி கையில் அப்படியே நின்றது. "ஒரு பாதி உங்க வீட்டு மேசையில இருந்துச்சு. அத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னொரு பாதி வண்டிக்குள்ள, சீரோ பக்கத்துல. நீ அங்கயே நின்ன. அப்ப இன்னிக்கு அது கத்தினப்ப எது தூரம் போச்சு, சோல்வை?"